குளிக்க ஒரு வேலி

1972ஆம் வருஷம் சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்கு, புங்கங்குடியில் நாகரிகம் பிறந்தது. அதுவரை நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் பிறந்துகொண்டிருந்தன. இது கிணற்றடியில் பிறந்தது. பிறக்கும்போதே அதன் முகமெல்லாம் சோப்பு.

மிராசுதார் வைத்தியலிங்கத்தின் மனைவி மங்களாம்பிகை கொல்லைக் கிணற்றடியில், நான்கு கழிகளில் கட்டிய கீற்றுத் தட்டிக்குள் குளித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கிடாரிக்குக் கழுத்து அரித்தது. அது தட்டியில் தேய்த்துக்கொண்டது. தட்டி சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் எரியும். மூடியிருந்தால் யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது. மங்களாம்பிகை கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

பிறகு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தாள். வைத்தியலிங்கம் காரியஸ்தர் உத்திராபதியோடு நிலக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தத் தட்டிக்குள்ளதான் குளிக்கிறேன். காத்தடிச்சா நான் புடிச்சுக்கணும். மாடு வந்தா நான் வெரட்டணும். அப்புறம் எப்பத்தாங்க குளிக்கிறது? ஒரு கதவு. ஒரு தாழ்ப்பா. சோப்பு வைக்க ஒரு மாடம். கட்டிக் குடுங்களேன்.”

“பாக்கலாம்” என்றார் வைத்தியலிங்கம். இந்தச் சொல்லை அவர் மனைவியிடமும், கூலி உயர்வு கேட்பவர்களிடமும் மட்டுமே பயன்படுத்துவார்.

“சுவரு எழுப்ப மனசு இல்லேன்னா, குளிக்க ஒரு வேலியாவது குடுங்க.”

உத்திராபதி தலை நிமிர்ந்தார்.

தஞ்சாவூர் ஜில்லாவைச் சேராத வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மற்ற ஊர்களில் வேலி என்றால் முள். தஞ்சாவூரில் வேலி என்றால் நிலமும்தான். இருபது மா கொண்டது ஒரு வேலி. ஏறக்குறைய ஆறரை ஏக்கர். முள்வேலி தொட்டவரைக் குத்தும். நில வேலி, இல்லாதவரைக் குத்தும்.

சர்க்கார் நில உச்சவரம்பைக் குறைத்திருந்த காலம் அது. வரம்புக்கு மேல் உள்ளது உபரி; உபரி நிலத்தில் கொடி நடுவோம் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கிளம்பியிருந்தது. வைத்தியலிங்கம் சட்டத்தை மதிப்பவர். அது வருகிறது என்று தெரிந்ததுமே எழுந்து வழி விட்டவர். தங்கை பேரில் கொஞ்சம் எழுதினார். மைத்துனர் பேரில் கொஞ்சம். மைத்துனருக்குப் பிறக்கவிருந்த குழந்தையின் பேரில் கொஞ்சம். பிள்ளையார் பேரில் கொஞ்சம். இவர்களில் பிள்ளையார் ஒருவர்தான் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. எல்லாம் எழுதிய பிறகும் மேலக்குண்டு மிஞ்சியது. கொல்லையை ஒட்டிய நிலம், வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் பாய்கிற நிலம், சரியாக ஒரு வேலி. எழுதி வைக்கச் சொந்தக்காரர்கள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

“எசமான்” என்றார் உத்திராபதி. “வீட்டையும் வீட்டைச் சேந்த எடத்தையும் உச்சவரம்பு தொடாதுங்க. மாட்டுக் கொட்டா, வைக்கப்போரு, கொல்லை எல்லாம் அதுல வராது. குளிக்கிற எடமும் வீட்டைச் சேந்ததுதானே?”

“சேந்ததுதான்.”

“அம்மா குளிக்க ஒரு வேலி கேக்குறாங்க.”

வைத்தியலிங்கத்துக்குக் கண் கலங்கியது. மனைவியின் கஷ்டம் அவருக்கு முதல் முறையாகப் புரிந்தது.

“பாவம், குடுத்துடுவோம்” என்றார். “முழுசா.”

வடிவமைப்புக் குழு அன்று மாலையே கூடியது. வைத்தியலிங்கம் தலைவர். உத்திராபதி செயலாளர். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் செல்லத்துரை ‘மக்கள் பிரதிநிதி’. ஆட்சி மாறியபோது வைத்தியலிங்கம் துண்டின் கரையை மாற்றிக்கொண்டார், தோளை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் அந்த வீட்டுக் காபி செல்லத்துரைக்குப் பழக்கம். கொத்தனார் பக்கிரி ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ என்பதால் வாசற்படியில் நின்றார். மங்களாம்பிகை குழுவில் இல்லை. குளிப்பவர்களைக் குழுவில் சேர்த்தால் ‘நடுநிலை’ கெடும்.

பக்கிரி தொடங்கினார். “நாலுக்கு அஞ்சு போதுங்க. ஆளு ஒசரத்துக்கு சுவரு. தண்ணி போவ மூலையில ஒரு தூம்பு.”

“நாலுக்கு அஞ்சுன்னா?” என்றார் வைத்தியலிங்கம்.

“அடிங்க.”

“நான் கையை வீசிக் குளிக்கிறவன், பக்கிரி.”

“அப்ப அஞ்சுக்கு ஆறு.”

“இன்னும் போ.”

“பத்துக்குப் பத்து?”

“இன்னும் போப்பா.”

பக்கிரி வீட்டுக்கே போய்விட்டார்.

செல்லத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். காபியைக்கூட அவர் மேடையில் நிற்பது போலத்தான் குடிப்பார். “அழுக்கை அகற்றும் அறையை அளந்தா அமைப்பது? அள்ளியல்லவா அளிக்க வேண்டும்!”

குழு கைதட்டியது. அதாவது, உத்திராபதி தட்டினார்.

இரவுக்குள் வடிவம் தயாராயிற்று. இன்றைக்கும் வீட்டுக்குக் குளியலறை கட்ட நினைப்பவர்கள் படித்துப் பயன்பெற வேண்டிய வடிவம் அது. சுவர்: நான்கு பக்கமும் மூங்கில் முள், அதன் மேல் கீற்று. கூரை: ஆகாயம். காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. ஷவர்: மேலக்குண்டுப் பம்புசெட்டின் குழாய் வாயில் ஓட்டை போட்ட தகரம். சோப்பு வைக்க வரப்பில் ஒரு கருங்கல். துணி போட இரண்டு பனைமரங்களுக்கு இடையே ஒரு கொடி. சோப்பை வைத்த இடத்திலிருந்து துணி போட்ட இடத்துக்கு நடந்து போவதற்குள் உடம்பு காய்ந்துவிடும். அதனால் துண்டுச் செலவும் மிச்சம்.

கதவுதான் அந்த வடிவத்தின் சிகரம். தேக்கு நிலை, தேக்குக் கதவு, பித்தளைப் பூட்டு. உலகமெங்கும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும். குளிப்பவரை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இங்கே பூட்டு வெளிப்பக்கம். மற்றவர்கள் குளித்துவிடக் கூடாது என்பதற்காக.

அனுமதி வாங்குவது ஒன்றுதான் பாக்கி. உச்சவரம்பு வேலைக்கென்று வந்திருந்த தாசில்தார் கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்துக்காரர். தஞ்சாவூருக்குப் புதிது. வைத்தியலிங்கம் கொடுத்த மனுவை அவர் வாய்விட்டுப் படித்தார். “‘என் மனைவி மறைவாகக் குளிக்கும் பொருட்டு, வீட்டை ஒட்டி ஒரு வேலி வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.’”

படித்துவிட்டு உருகிப்போனார். “பொம்பளைக குளிக்கறதுக்கு வேலி போட மனுவுங்களா? எங்கூர்ல கிளுவைய வெட்டி நட்டுப்போட்டுப் போயிட்டே இருப்போமுங்க. தாராளமா வெச்சுக்குங்க.”

‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“தாராளமாவே வச்சுக்கிறேங்க” என்றார் வைத்தியலிங்கம். அவர் பொய் சொல்வதில்லை.

வைகாசியில் வேலிக்கு வேலி போட்டார்கள். போட்ட மறுநாள் அம்சம் வந்தாள். நடவுக்கு ஆள் சேர்ப்பவள். நாற்பது பெண்களுக்கு முன்னால் நின்று பேசுபவள். கொல்லைப் பக்கமாகத்தான் வந்தாள். முன்பக்கம் வரும் வழக்கம் அவள் தெருவுக்கு இல்லை.

“என்னடி அம்சம்?”

“ஐயா, மேலக்குண்டு வரப்பை அடைச்சுப்புட்டாங்க. எங்க தெருவுலேருந்து வாய்க்காப் படித்துறைக்கு அதானே வழி? இப்ப ரோட்டு மதகுல போயிக் குளிக்கிறோம்.”

“மதகுல தண்ணி நல்லா வருமே.”

“தண்ணியோட காட்டுப்பள்ளி பஸ்ஸும் வருதுங்க. அந்த எடத்துல மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. ஆனா அங்க வந்தாத்தான் அது மெதுவாப் போவுது. என் மவ மூணு நாளாக் குளிக்க மாட்டேங்குறா. ஒரு ஆளு நொழையிற அளவுக்கு ஒரு சந்து விட்டாப் போதும்.”

வைத்தியலிங்கம் குரலைத் தாழ்த்தினார். உயர்ந்த விஷயங்களை அவர் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்.

“அம்சம், நீங்கள்லாம் நம்ம வீட்டு ஆளுங்க. உங்களுக்குத் தெரியாததா? குளியலறைக்குள்ள ஊருக்கு வழி விட முடியுமா? மானம் என்ன ஆவுறது?”

“யாரு மானங்க?”

“பொதுவாச் சொன்னேன்.”

“சரிங்க. நடவுக்கு அரை மரக்கா நெல்லு கூடப் போடுறதாச் சொன்னீங்களே, அதையாவது…”

“வீட்டு ஆளுங்களுக்கு யாராவது அளந்து குடுப்பாங்களா, புள்ள?”

“அளக்காமக் குடுத்தாலும் வாங்கிக்கிறோங்க.”

“பாக்கலாம்” என்றார் வைத்தியலிங்கம்.

ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை திறப்பு விழா. செல்லத்துரை பகுத்தறிவாளர், ராகு காலம் பார்ப்பதில்லை. பதினொரு மணிக்கே வந்துவிட்டவர், கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு அடித்த மறு நிமிடம் ரிப்பனை வெட்டினார். “குமரி முதல் குடகு வரை இப்படியொரு குளியலறை உண்டா?” என்று முழங்கினார். யாரும் இருக்கிறது என்று சொல்லவில்லை.

மங்களாம்பிகை கையில் சோப்புப் பெட்டியோடு வந்து பார்த்தாள். வெட்டவெளியில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் வெட்டவெளி.

“பூட்டு வெளியில இருக்கே?”

“அதான் பாதுகாப்பு” என்றார் வைத்தியலிங்கம்.

“உள்ள நான் எங்க நின்னு குளிக்கிறது?”

“எங்க வேணாலும்!”

மங்களாம்பிகை கிணற்றடிக்குத் திரும்பினாள். சாய்ந்த தட்டியை நிமிர்த்திக் கட்டினாள். கிடாரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் குளியலறையில் குறுவை நடவு தொடங்கியது.

இதற்குள் தாசில்தார் தஞ்சாவூர்த் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு வந்த ஒருவர் தமக்கு மூன்று வேலி உண்டு என்று சொல்ல, இவர் “வூட்டச் சுத்தி மூணு சுத்துங்களா?” என்று கேட்டார். ஆபீசே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவருக்கு வைத்தியலிங்கத்தின் மனு நினைவுக்கு வந்தது. ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

புங்கங்குடியில் ஜீப் நின்றபோது மேலக்குண்டில் நாற்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்தியலிங்கம் வரப்பில் குடையோடு நின்றிருந்தார். தாசில்தார் தேக்குக் கதவின் வழியாக உள்ளே வந்தார். அதைச் சுற்றிக்கொண்டு வரவும் வழியில்லை, முள்.

“ஏனுங்க, அந்தக் குளியலறை எங்கீங்க?”

“அதுலதாங்க நிக்கிறீங்க.”

தாசில்தார் தம் காலைப் பார்த்தார். “இதுல நெல்லு நட்டிருக்குதுங்களே?”

“பாசிங்க” என்றார் உத்திராபதி. “தண்ணி நிக்கிற எடமில்லீங்களா, வழுக்கும்.”

“வழுக்காம இருக்கறதுக்குப் போட்டதுங்க” என்றார் அதே சமயத்தில் வைத்தியலிங்கம்.

“ஆடுதுறை இருபத்தேழு ரகமாட்ட இருக்குதுங்களே?”

“நல்ல பாசிங்க அது. நூத்தஞ்சு நாள்ல அறு…” உத்திராபதி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தாசில்தார் சிரிக்கவில்லை. “வூட்டுல எத்தன பேருங்க?”

“நானும் சம்சாரமும்.”

“ரெண்டு பேரு குளிக்கறதுக்கு ஆறரை ஏக்கருங்களா? நான் கையெழுத்துப் போட்டது போட்டதுதானுங்க. குளிக்கற எடத்துல கை வெக்க மாட்டேன். ஆனா ரெண்டு பேருக்கு வேணுங்கறத வெச்சுக்கிட்டு, மிச்சத்த உபரியில சேத்தச் சொல்லிருவனுங்க.”

ரெண்டு பேருக்கு வேண்டியது நாலுக்கு அஞ்சு. பக்கிரி சொன்ன கணக்கு. வைத்தியலிங்கத்தின் கண் முன்னால் மேலக்குண்டு சுருங்கியது. வரப்பு போயிற்று, பம்புசெட் போயிற்று, கடைசியில் கருங்கல்லும் சோப்பும் மட்டும் நின்றன. உயிரைக் காட்டிலும் பெரிதாக அவரிடம் இருந்தது நிலம் ஒன்றுதான். அவர் நான்கு பக்கமும் பார்த்தார். உறவினர் யாரும் இல்லை. நாற்பது குனிந்த முதுகுகள் இருந்தன.

“இவங்கள்லாம் யாருங்க அப்ப?” என்றார். “எல்லாரும் நம்ம வீட்டு ஆளுங்கதாங்க!”

“இவங்களா?”

“ஆமாங்க.”

“என்ன பண்றாங்க?”

“குளிக்கிறாங்க.”

“குனிஞ்சுக்கிட்டா?”

“அழுக்கு கால்லதானேங்க இருக்கு.”

குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள். குளிப்பவர்கள் மேல் இவ்வளவு சேற்றைத் தாசில்தார் அதற்கு முன் பார்த்ததில்லை. முன்னால் நின்றவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீங்கெல்லாம் இவரு வூட்டு ஆளுங்களா?”

அம்சம் நாற்றுக் கற்றையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“சொல்லும்மா, அம்சம்மா” என்றார் வைத்தியலிங்கம். அவர் வாயில் அம்சம் அம்மாவானது அன்றுதான்.

இல்லை என்று சொன்னால் மேலக்குண்டு உபரியாகும். உபரியானால் கோர்ட்டுக்குப் போகும். பக்கத்து ஊர் மிராசின் உபரி நிலம் கோர்ட்டுக்குப் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆமாம் என்று சொன்னால்? அம்சம் முள்வேலியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். தூரத்தில் மதகடியில் பஸ் மெதுவாகப் போவது தெரிந்தது.

“ஆமாங்க, வீட்டு ஆளுங்கதான்” என்றாள். “ஐயாவே எப்பவும் சொல்லுவாரு. கூலி கேக்குறப்பல்லாம் சொல்லுவாரு.”

வைத்தியலிங்கத்துக்கு மூச்சு வந்தது.

“ஆனா கதவைத்தாங்க வெளியில பூட்டிடுறாங்க.”

தாசில்தார் திரும்பினார். “வூட்டாளுக குளிக்கற எடத்துக்கு வெளியில பூட்டுங்களா?”

“காத்துக்குங்க” என்றார் வைத்தியலிங்கம். “கதவு அடிச்சுக்குது. உத்திராபதி, சாவிய அம்சம்மாகிட்டக் குடுய்யா. நம்ம வீட்டுப் பொண்ணுதானே?”

சேற்றுக் கையால் சாவியை வாங்கி அம்சம் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தாசில்தார் ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து, சொல்லிக்கொண்டே எழுதினார். “‘மனுதாரர் குடும்பத்தார் நாற்பது பேர் மேற்படி இடத்தில் குளித்துக்கொண்டிருக்கக் கண்டேன்.’ குடும்பத்தார்னு போட்டிருக்கறனுங்க, சரிதானுங்களா?”

“ரொம்பச் சரிங்க!”

“அப்ப கையெழுத்துப் போடுங்க. மறுபடியும் அடிக்கடி வந்து பாப்பனுங்க.”

மைத்துனருக்குக்கூட வைத்தியலிங்கம் அத்தனை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை.

ஜீப் போயிற்று. மேலக்குண்டு நின்றது. பெண்கள் நாற்றை வைத்துவிட்டுக் கரையேறினார்கள். தெருப் பக்கம் போகவில்லை. பம்புசெட் பக்கம் போனார்கள். அவர்களோ அவர்களுடைய அம்மாக்களோ அந்தக் குழாயடியில் கால் வைத்தது கிடையாது.

“ஏய்!” என்றார் வைத்தியலிங்கம்.

உத்திராபதி அவர் கையைப் பிடித்தார். “விடுங்க எசமான். ஆளு குளிச்சாத்தான் அது குளியலறை. குளிக்கலேன்னா நிலமாயிடும்.”

யாரோ மோட்டாரைப் போட்டார்கள். ஓட்டைத் தகரத்தின் வழியாகத் தண்ணீர் விசிறியது. முதலில் ஒரு சிரிப்புக் கேட்டது. பிறகு எது யார் சிரிப்பு என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு மங்களாம்பிகை சோப்புப் பெட்டியோடு வந்தாள். கணவரைத் தாண்டிப் போய்க் கதவடியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“எனக்கு எடம் இருக்கா அம்சம்?”

“ஒரு வேலி இருக்குங்கம்மா, வாங்க.”

மங்களாம்பிகை உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைத்தியலிங்கம் குடையை மடக்கி அதன் மேல் சாய்ந்து நின்றார். மனம் நிறைந்திருந்தது. போனது என்ன? தண்ணீர். அது காவிரியில் வருவது. இன்று போனால் நாளை வரும். இருப்பது என்ன? நிலம். ஒரு மா குறையவில்லை. ‘நம்ம வீட்டு ஆளுங்க’ என்று இத்தனை வருஷம் சொல்லி வந்ததற்கு இன்றுதான் பலன் கிடைத்தது. அதற்கு அரை மரக்கால் நெல்கூடச் செலவாகவில்லை. பெரிய மனது என்பது இப்படித்தான் என்றாவது ஒரு நாள் கைகொடுக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. அம்சம் தலையைப் பிழிந்தபடி வந்தாள். சேறு போயிருந்தது. இந்த முறை கொல்லை ஓரமாக ஒதுங்கி நிற்காமல், அவருக்கு நேராக வந்து நின்றாள்.

“பெரியப்பா” என்றாள்.

வைத்தியலிங்கம் யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் கிடாரிதான் நின்றது.

“வீட்டு ஆளுங்கன்னு சர்க்காருக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. அப்ப பாகம் எப்ப பிரிக்கிறது, பெரியப்பா?”